வாசலில் விழும் வெளிச்சம்: வடசென்னைக் கடலோர வீட்டையும் தோட்டத்தையும் படமெடுக்க முழுமையான வழிகாட்டி

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி வசிப்பவர்கள் படமெடுக்கத் தொடங்கும்போது, பெரும்பாலும் விடியற்காலையில் கரைக்குப் போய்ச் சூரியனை எடுக்கிறார்கள். படம் நன்றாகவே வரும். சில நாள் கழித்து அதே படம் மறுபடியும் வரும். அடுத்து எதை எடுப்பது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

அழகான பொருளைத் தேடிப் போவதால் வரும் தடுமாற்றம் இது. வெளிச்சம் எங்கே விழுகிறது என்று முதலில் பாருங்கள். அது விழும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பிறகு பாருங்கள். இந்த வரிசை பழகிவிட்டால் துவைக்கும் கல்லும் மாடிப்படியும் பெயின்ட் டப்பாவில் வளரும் துளசியும் ஒவ்வொரு நாளும் வேறு படம் தரும். கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்து பாருங்கள்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

கைப்பேசி போதும். கேமரா வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

துவைத்துத் துவைத்து மென்மையான பழைய வேட்டித் துணியில் இரண்டு துண்டு வேண்டும்: ஒன்று ஈரத்தால் துடைக்க, மற்றது உலர்த்த. தூசியை ஊதித் தள்ளும் சிறிய ரப்பர் பந்து ஒன்று. குட்டி பாட்டிலில் குடிநீர். ஆழ்குழாய்த் தண்ணீர் கூடாது. கடலோரத்தில் அதிலேயே உப்பு இருக்கும், காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைத் தடம் நிற்கும். காற்றுப் புகாமல் மூடும் பிளாஸ்டிக் உறை ஒன்று.

ஒரு கிலோ அரிசியோ மணலோ நிரப்பி வாய் தைத்த துணிப்பையையும் தயார் செய்துகொள்ளுங்கள். சுற்றுச்சுவர் மீது பையை வைத்து அதன்மேல் கைப்பேசியைப் பதித்தால் முக்காலி தேவைப்படாது. மலிவான முக்காலிகள் நம் பக்கத்துக் காற்றில் சாய்ந்து விழுந்துவிடும், பை விழாது. கடைசியாக, பழைய தெர்மாகோல் மீன் பெட்டியிலிருந்து வெட்டிய ஓரடிச் சதுரப் பலகை. நிழலில் இருக்கும் பூவுக்கும் முகத்துக்கும் வெளிச்சத்தைத் திருப்பிவிட அது உதவும்.

கைப்பேசி அமைப்புகளில் நான்கு மாற்றங்கள் செய்யுங்கள். திரையில் கட்டக்கோடுகள் தெரியும்படி வையுங்கள். தொடுவானம் சாய்ந்திருப்பது படமெடுக்கும்போதே கண்ணில் படும். ஃபிளாஷை நிரந்தரமாக அணையுங்கள். முகத்தை வழுவழுப்பாக்கும் அழகூட்டும் வசதியையும் அணையுங்கள். அது தோலின் நிறத்தையே மாற்றிவிடுகிறது. படத்தின் அளவை உச்சத்தில் வையுங்கள்.

2. முதலில் லென்ஸைத் துடையுங்கள்

கடலோரத்தில் மங்கலான படங்களுக்கு மிகப் பொதுவான காரணம் லென்ஸ் மீது படிந்த உப்புப் படலம். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுப்பாகிவிடும். விளக்குகளைச் சுற்றிப் புகைபோன்ற வளையம் தெரிந்தாலோ, காலை வெயிலில் படம் முழுவதும் வெளிறினாலோ, கைப்பேசியைக் குறை சொல்லும் முன் கண்ணாடியைப் பாருங்கள்.

துடைக்கும் வரிசை முக்கியம். முதலில் ஊதித் தள்ள வேண்டும், பிறகு ஈரத்துணி, கடைசியாக உலர்ந்த துணி. ஊதாமல் துடைத்தால் ஒட்டியிருக்கும் மணல் கண்ணாடியின் பூச்சைக் கீறிவிடும். முந்தானையாலும் சட்டை நுனியாலும் துடைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். அவற்றில் மணல் இல்லாத நாளே கிடையாது.

குளிரூட்டிய அறையில் தூங்குபவர்களுக்கு இன்னொரு செய்தி. குளிர்ந்த கண்ணாடி மீது வெளியிலுள்ள ஈரக்காற்று பட்டதும் நீர் பூத்துவிடும். விடியற்காலையில் படமெடுக்க நினைத்தால் முந்தைய இரவே கைப்பேசியைக் கூடத்தில் வையுங்கள். மறந்துவிட்டால் மூடிய பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தபடியே வெளியே கொண்டுவந்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் பிரியுங்கள்.

3. படமெடுக்காமல் சில நாள் வெளிச்சத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

எல்லோரும் தவிர்க்க விரும்பும் படி இதுதான். இதைத் தவிர்த்தவர்கள்தான் பிறகு அதிகம் தடுமாறுகிறார்கள்.

ஒரு தாளில் உங்கள் வீட்டின் வரைபடத்தைப் போடுங்கள்: வாசல், ஜன்னல்கள், படிக்கட்டு, மொட்டை மாடி, தொட்டிச் செடிகள், வெளியே சந்து. காலை ஆறு, ஏழு, எட்டு, நண்பகல், மாலை நான்கு, ஐந்தரை ஆகிய வேளைகளில் வெயில் எந்த மூலையில் விழுகிறது என்று குறியுங்கள். ஜன்னல் கிரிலின் நிழல் சுவரில் எத்தனை மணிக்கு வருகிறது, எப்போது கலைகிறது என்பதையும் எழுதுங்கள். பத்து நிமிடத்தில் வந்து போகும் வெளிச்சம் உங்கள் வீட்டில் நிச்சயம் ஒன்றாவது இருக்கும். குறித்து வைக்காவிட்டால் அது கண்ணில் படாமலேயே போகும்.

சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே சூரியன் செங்குத்தாக ஏறுகிறது, மணிக்கு ஏறத்தாழ 14 டிகிரி. அதனால்தான் குளிர்நாட்டுப் படங்களில் நீண்ட நேரம் தங்கும் பொன் வெளிச்சம் நமக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. சூரியன் எழுவதற்கு முந்தைய இருபது நிமிடமும் எழுந்த பிறகு வரும் முக்கால் மணி நேரமும்தான் உங்கள் காலைப் பொழுது. எட்டு மணிக்கு எழுந்து வந்து வெளிச்சம் வெளிறியிருக்கிறதே என்று வருந்திப் பயனில்லை.

சூரியன் உதிக்கும் இடமும் ஆண்டு முழுவதும் நகர்கிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களின் பிற்பகுதியில் நேர்க்கிழக்கில் உதிக்கும். டிசம்பரில் அதிலிருந்து ஏறத்தாழ 24 டிகிரி தெற்கே, ஜூனில் அதே அளவு வடக்கே. கடலை நோக்கி ஓடும் நம் சந்துகளில் இதன் விளைவு பெரிது. கிழக்கு மேற்காக ஓடும் சந்தில் மார்ச் மாதக் காலை வெயில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராகப் பாயும்; அடிபம்பு, குடங்கள், வாசற்படிகள் எல்லாமே நீண்ட நிழலோடு நிற்கும். டிசம்பரில் அதே வெயில் சாய்வாக வந்து ஒரு பக்கச் சுவரை மட்டும் தொடும். வடக்கு தெற்காக ஓடும் குறுகிய சந்துக்குள் நண்பகலை ஒட்டித்தான் வெயிலே இறங்கும். நண்பகலில் படமெடுக்கக் கூடாது என்ற பொதுவிதி அந்தச் சந்துக்குப் பொருந்தாது. ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் சென்னையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது, 12.10 அளவில் நட்டுவைத்த கம்புக்குக்கூட நிழல் இராது. மற்ற இடங்களில் அந்த வேளையில் முகங்களை எடுக்காதீர்கள், கண்குழிகள் கறுத்துவிடும்.

4. ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு அதையே திரும்பத் திரும்ப எடுங்கள்

குறித்த தாளிலிருந்து ஒரே ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். மாடிப்படியின் கைப்பிடி, கொடிக்கயிறு, குளியலறை ஜன்னல், எதுவானாலும் சரி. ஒரு மாதம் அதை மட்டுமே எடுங்கள். நின்ற இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்து வையுங்கள்.

காரணம் இரண்டு. இடம் மாறாதபோது வெளிச்சம் மட்டுமே மாறுகிறது, அதனால் வெளிச்சம் என்ன செய்கிறது என்று கண்ணுக்குப் புரியும். இரண்டாவது காரணத்தை நான் மிகவும் பெரிதாக நினைக்கிறேன். நம் கரை மாறிக்கொண்டே இருக்கிறது. கருங்கல் தடுப்பும், கடலுக்குள் நீட்டிக் கட்டிய தூண்டில் வளைவும் வந்த பிறகு ஓரிடத்தில் மணல் சேர்கிறது, அடுத்த இடத்தில் அரிக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. படகுகளிலும் வலைகளிலும் கரையோர வீட்டுச் சுவர்களிலும் கறை படிந்தது. அப்படிப்பட்ட நாளில், முன்பு இந்தச் சுவர் எப்படி இருந்தது, தண்ணீர் எங்கே நின்றது என்று காட்ட உதவுவது தேதியோடு எடுக்கப்பட்ட சாதாரணப் படம்தான். கடல் தெரியும் மாடி உங்களுக்கு இருந்தால், மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று கரையை எடுத்து வையுங்கள். ஒவ்வொரு தடவையும் மாறாத பொருள் ஒன்று, ஒரு மின்கம்பமோ கோயில் கோபுரமோ, படத்துக்குள் இருக்கட்டும்.

5. படத்தின் வெளிச்ச அளவை நீங்களே முடிவு செய்யுங்கள்

கைப்பேசி எல்லாக் காட்சியையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவர முயலும். கறுத்த காட்சியை வெளுக்க வைக்கும், வெளுத்த காட்சியை மங்க வைக்கும். வாசல் தெளித்த ஈரத்தரையில் வெள்ளைக் கோலம் இருக்கிறது. தரை கறுப்பாக இருப்பதால் கைப்பேசி படத்தை வெளுக்கச் செய்கிறது. கோலப்பொடியின் மணல்தன்மை போய் வெறும் வெள்ளைக் கோடு மிஞ்சுகிறது.

செய்ய வேண்டியது எளிது. முக்கியமான இடத்தில் விரலை அழுத்தி வையுங்கள். ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். வெள்ளையில் விவரம் தெரியத் தொடங்கும்போது நிறுத்துங்கள். இருண்டுபோன பகுதியைப் பின்னர் ஓரளவு மீட்கலாம். முழுக்க வெளுத்துப்போன பகுதியை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது.

காலைப் பொன் நிறம் படத்தில் வராமல் போவதற்கும் கைப்பேசியின் தானியங்கித் திருத்தம்தான் காரணம். மஞ்சளைத் தவறென்று எண்ணி அது நீக்கிவிடுகிறது. உங்கள் கைப்பேசியில் அமைப்புகளை நாமே மாற்றும் புரோ முறை இருந்தால், நிறச் சமநிலையைக் குறிக்கும் ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வின் அளவில் நிறுத்தி வையுங்கள். விடியல் விடியலாகவே பதியும்.

6. சட்டகத்தை ஓரங்களிலிருந்து பாருங்கள்

புதிதாக எடுப்பவர்கள் நடுவை மட்டும் பார்க்கிறார்கள். நான்கு மூலைகளையும் ஒருமுறை கண்ணால் சுற்றி வந்த பிறகே பொத்தானை அழுத்துங்கள். பாதி வெட்டுப்பட்ட செருப்பு, கேபிள் கம்பி, பக்கத்து வீட்டு விளக்குமாறு ஆகியவை மூலையில்தான் ஒளிந்திருக்கும். நகர்த்த முடிந்ததை நகர்த்துங்கள். நகர்த்த முடியாவிட்டால் நீங்கள் ஓரடி நகருங்கள்.

விரல்களால் திரையை விரித்துப் பெரிதாக்காதீர்கள். அது வெறும் வெட்டல்தான், விவரம் கூடாது. கால்களால் நெருங்குங்கள். மிக நெருக்கத்தில் ஃபோகஸ் கிடைக்காமல் போனால், ஒரு சாண் பின்வாங்கி, இரு மடங்கு (2x) லென்ஸ் இருந்தால் அதற்கு மாறுங்கள்.

தொடுவானம் நேராக இருக்கட்டும். அது படத்தைச் சரிபாதியாக வெட்டாமல், வானம் நன்றாக இருந்தால் கீழேயும், கரை நன்றாக இருந்தால் மேலேயும் நிற்கட்டும்.

7. தோட்டம்: எந்தப் பூ, எந்த வேளை, எந்தப் பக்கம்

நம் பக்கத்தில் தோட்டம் என்றால் பெரும்பாலும் மாடியில் வரிசையாக வைத்த டப்பாக்களும் வாளிகளும் தெர்மாகோல் மீன் பெட்டிகளும்தான். கிழிந்த வலையில் அவரைக்கொடி ஏறியிருக்கும். இவற்றை மறைத்துவிட்டுப் பூவை மட்டும் எடுக்கப் பார்க்கிறார்கள். அப்படி எடுத்த செம்பருத்தி எந்த ஊர்ச் செம்பருத்தியாகவும் இருக்கலாம். பெட்டியின் விளிம்பும் வலைக்கண்ணியும் சேர்ந்தால்தான் அது உங்கள் மாடி.

வேளையை முதலில் கவனியுங்கள். செம்பருத்தி ஒரே நாள் பூ. காலை ஏழு மணிக்குப் புதிதாக இருக்கும். டேபிள் ரோஜா வெயில் வந்த பிறகே விரியும், பிற்பகலில் சுருங்கிவிடும். அந்திமந்தாரைக்கு மாலை நான்கு மணிக்கு மேல் வர வேண்டும். மணலில் படரும் அடம்பின் ஊதாப்பூ காலையில் மலர்ந்து வெயில் ஏற வாடும். பூவரசு ஒருவேளை எல்லாவற்றிலும் சுவையானது: காலையில் மஞ்சளாகத் திறக்கும் பூ, பொழுது போகப் போகச் சிவந்து உதிரும். ஒரே பூவைக் காலை, நண்பகல், மாலை என்று மூன்று முறை எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள்.

அடுத்தது வெளிச்சத்தின் பக்கம். வெயில் உங்கள் முதுகுப்புறமிருந்து இலை மீது விழுந்தால் இலை தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில் விழுந்தால் மேடுபள்ளம் தெரியும். இலைக்குப் பின்னாலிருந்து வந்தால் நரம்புகள் ஒளிரும். முருங்கையும் கற்பூரவல்லியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் மாடியில் இதைச் சோதித்துப் பாருங்கள். முருங்கையின் மெல்லிய சிற்றிலைகளைப் பின்னொளியில் எடுக்க வேண்டும். கற்பூரவல்லியின் தடித்த, ரோமம் படர்ந்த இலைக்குப் பக்கவொளிதான் பொருத்தம். துருப்பிடித்த கேட்டுக்கும் உரிந்த சுவர்ப் பூச்சுக்கும் இதே பக்கவொளி விதி பொருந்தும்.

சிவப்புப் பூக்களில் ஒரு சிக்கல் உண்டு. நேர்வெயிலில் கைப்பேசி சிவப்பை மட்டும் எல்லை மீறிப் பதிவு செய்வதால் இதழின் மடிப்புகள் மறைந்து, சிவப்புத் தாள் ஒட்டியது போலாகிவிடும். நிழலில் எடுங்கள், அல்லது வெளிச்ச அளவைக் கூடுதலாகக் குறையுங்கள். நந்தியாவட்டை போன்ற வெள்ளைப் பூவுக்கும் நிழலே நல்லது. வெயில் ஏறிவிட்டால் கொடியில் காயும் வெள்ளை வேட்டியைச் செடிக்கும் சூரியனுக்கும் இடையில் வருமாறு இழுத்துக் கட்டுங்கள், வெளிச்சம் மென்மையாகிவிடும். மறுபக்கம் தெர்மாகோல் பலகையை நிறுத்துங்கள்.

காற்று ஓயாது என்பது பலரின் புலம்பல். கோடையில் கடற்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டித்தான் வலுக்கும்; காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அப்போதும் காம்பு ஆடினால், படத்துக்கு வெளியே வரும் இடத்தில் துணிக் கிளிப்பால் ஒரு குச்சியோடு சேர்த்துப் பிடியுங்கள். புரோ முறையில் ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்கு உயர்த்தினாலும் ஆட்டம் நிற்கும்.

எடுக்கும் முன் செடிக்கு நல்ல தண்ணீர் தெளிப்பதை நான் பரிந்துரைக்கிறேன். இலை மீது படிந்த உப்புதான் நுனிகளைக் கருக வைக்கிறது. கழுவினால் செடிக்கும் நல்லது, படத்தில் பச்சையும் தெளிவாக வரும்.

தேன்சிட்டு ஒரே செம்பருத்திக்குத் திரும்பத் திரும்ப வரும். அதைத் துரத்தாமல் பூவில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு ஒதுங்கி உட்காருங்கள். அது கூடு கட்டியிருந்தால் மட்டும் எடுக்காதீர்கள். படத்துக்காக ஓர் இலையை விலக்கினாலும் காகத்துக்கு வழி தெரிந்துவிடும். அதேபோல ஜனவரி முதல் ஏப்ரல் வரை சென்னைக் கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். இரவில் கரையில் ஃபிளாஷும் டார்ச்சும் வேண்டாம். குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடலென்று எண்ணித் திசை மாறிவிடும்.

8. காலையில் கடலுக்கு முதுகு காட்டுங்கள்

நம் கரை கிழக்கு பார்த்தது. காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் சூரியன் நேரே லென்ஸுக்குள் வரும், மற்றதெல்லாம் கறுத்த உருவமாகும். ஒரு படம் அப்படி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்பி நின்று அந்த வெயில் எதன்மீது விழுகிறது என்று பாருங்கள். படகின் வண்ணப்பூச்சு, பச்சை நீல வீட்டுச் சுவர்கள், டீக்கடைப் பாய்லர், பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைகளின் எண்ணெய் வைத்த தலை எல்லாம் அந்த அரைமணி நேரத்தில் ஒளியேறி நிற்கும். கோலத்தையும் இப்போதே எடுத்துவிடுங்கள். வடிவம் வேண்டுமானால் மாடியிலிருந்து, பொடியின் தன்மை வேண்டுமானால் முழங்காலிட்டுத் தரையோடு தரையாக. இருசக்கர வண்டிகள் புறப்பட்ட பிறகு அது இருக்காது.

ஆவியும் புகையும் மட்டும் விதிவிலக்கு. இட்லிப் பானையின் ஆவி தெரிய வேண்டுமென்றால் வெளிச்சம் அதன் பின்னாலிருந்து வர வேண்டும், பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். சமையலறை ஜன்னலைப் பார்த்தபடி நின்று, ஜன்னலின் வெளுத்த பகுதி படத்துக்குள் வராமல் சற்றே விலகி எடுங்கள்.

9. மனிதர்களை எடுக்கும் முறை

கேட்டுவிட்டு எடுங்கள். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்ற ஒரு வாக்கியம் போதும். கேட்டால் இயல்பு போய்விடும் என்று சிலர் தயங்குவார்கள். கேட்ட பிறகு அங்கேயே சிறிது நேரம் இருங்கள். அவர்கள் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள், இயல்பும் திரும்பிவிடும். குழந்தைகளை எடுக்கப் பெற்றோரிடம் கேளுங்கள். மீன் விற்கும் அம்மாக்களுக்கு வியாபாரம் நடக்கும் வேளையில் குறுக்கே நிற்காதீர்கள். காய்கிற வலையைச் செருப்புக்காலால் மிதிக்காதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் கட்டிக்கிடக்கும். வலை பின்னுவதும் படகுக்கு வண்ணம் அடிப்பதும் அப்போதுதான் நடக்கும். பேச நேரமிருக்கும், கைகளை அருகிலிருந்து எடுக்கலாம். ஆனால் அது வருமானம் குறைந்த காலம் என்பதையும் மனத்தில் வைத்துப் பழகுங்கள்.

துறைமுக வளாகம், தொழிற்சாலைகள், பாதுகாப்புப் பகுதிகள் பக்கம் கேமராவை நெருங்கிக் கொண்டுபோக வேண்டாம். அனுமதி இல்லாத இடத்தில் எடுத்தால் வீண் சிக்கல் வரும்.

10. மாலையில் கடலைப் பாருங்கள்

சூரியன் நகரத்துக்குப் பின்னால் மறைவதால், மாலையில் கடல் பக்கம் ஒன்றுமில்லை என்று பலர் இறங்கிப் போய்விடுகிறார்கள். மேகம் இல்லாத மாலையில், சூரியன் மறைந்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் கிழக்கே பாருங்கள். கடலுக்கு மேலே ஒரு சாம்பல்நீலப் பட்டை எழும், அதன்மேல் இளஞ்சிவப்புப் பட்டை நிற்கும். அந்த நீலம் வளிமண்டலத்தின் மீது விழும் பூமியின் நிழல். மேற்குக் கடற்கரையில் இருப்பவர்களால் இதைக் கடலின் மேல் மாலையில் பார்க்க முடியாது.

பௌர்ணமி நிலவும் கடலிலிருந்துதான் எழுகிறது. படத்துக்குப் பௌர்ணமிக்கு முந்தைய நாளே சிறந்தது. அன்று நிலவு ஏறத்தாழ முக்கால் மணி நேரம் முன்னதாக எழுவதால், வானத்தில் இன்னும் வெளிச்சம் இருக்கும். நிலவும் மாடிச் சுவரும் ஒரே படத்தில் விவரத்தோடு வரும். மறுநாள் நிலவு ஏறுவதற்குள் சுற்றிலும் இருண்டுவிடும். கைப்பேசியை அரிசிப்பை மீது வைத்து, இரண்டு நொடி டைமர் போட்டு எடுங்கள். விரல் பட்டாலே படம் அசையும்.

11. மழைக்காலம்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழைக்கம்பிகள் தெரிய, வெளிச்சம் எதிரிலிருந்தும் பின்னணி இருட்டாகவும் இருக்க வேண்டும். மழை நின்றதும் தேங்கிய நீரில் தெரியும் வீடுகளைத் தரைமட்டத்திலிருந்து எடுங்கள். புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் கருங்கல் தடுப்பின் மீது ஏறாதீர்கள். பாசி படிந்த கல் வறண்ட நாளிலேயே வழுக்கும். அலை எவ்வளவு உயரும் என்று முந்தைய அலையை வைத்துக் கணிக்க முடியாது.

12. வீடு திரும்பியதும்

கரைக்குப் போய் வந்திருந்தால் படங்களைப் பார்ப்பதற்கு முன் கைப்பேசியின் உடலையும் லென்ஸையும் துடையுங்கள். உப்பு காய்ந்து படிகமாவதற்குள் துடைத்தால் எளிதாகப் போகும்.

கேமரா வைத்திருப்பவர்கள் அதைத் தோல் பையிலோ பீரோவிலோ வைக்க வேண்டாம். இருட்டும் ஈரமும் சேர்ந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகையாக இருந்தால், நிறம் மாறியதும் புதியது போடுங்கள். சமையல் பாத்திரத்தில் வறுத்து மறுபடி பயன்படுத்த முயல வேண்டாம்.

13. தேர்வு, திருத்தம்

அன்றே தேர்ந்தெடுக்காதீர்கள். எடுத்த பரபரப்பு அடங்காதபோது எல்லாமே நன்றாகத் தெரியும். மறுநாள் உட்கார்ந்து ஒரே காட்சியின் பல படங்களில் ஒன்றை மட்டும் வைத்து மற்றவற்றை நீக்குங்கள்.

திருத்தத்திலும் வரிசை உண்டு: முதலில் தொடுவானத்தை நேராக்குங்கள், பிறகு ஓரங்களை வெட்டுங்கள், பிறகு வெளிச்சம், கடைசியாக நிறம். நிறத்தை முதலில் தொட்டால் வெளிச்சத்தை மாற்றியதும் அது மறுபடி கெடும். நிறச் செறிவைக் கூட்டும் பொத்தானிடம் எச்சரிக்கையாக இருங்கள். நம் கடல் பெரும்பாலான நாள்களில் சாம்பல்பச்சை. மழைக்குப் பிறகு கழிமுகத்தின் அருகே பழுப்பு. அதை நீலமாக்கிவிட்டால் அது வேறு யாருடைய கடலோ ஆகிவிடும். தொலைவில் தெரியும் புகைபோக்கிகளை அழிப்பதையும் நான் ஏற்பதில்லை. அவை நம் தொடுவானத்தின் பகுதி, நாம் மூச்சுவிடும் காற்றின் பகுதி. அவற்றோடு சேர்த்தே அடம்புப் பூ மலர்கிறது.

14. பெயர், பிரதி, அச்சு

மாதம் ஒருமுறை தேர்ந்த படங்களை ஒரு கோப்புறையில் போட்டு, ஆண்டு, மாதம், இடம் என்று பெயரிடுங்கள்: '2025-03 மாடிப்படி' போல. கைப்பேசிக்கு வெளியே இன்னோர் இடத்தில் ஒரு பிரதி இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பினால் படம் சுருங்கி விவரம் குறையும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் முழு அளவில் போகும்.

சிலவற்றையாவது அச்சிடுங்கள். 4×6 அங்குலத் தாளின் விகிதம் மூன்றுக்கு இரண்டு. கைப்பேசிப் படத்தின் விகிதம் பெரும்பாலும் நான்குக்கு மூன்று. ஸ்டூடியோவில் அப்படியே கொடுத்தால், அகலவாக்கில் எடுத்த படத்தில் மேலும் கீழும் வெட்டுப்படும், சில சமயம் தலையோடு சேர்த்து. நீங்களே மூன்றுக்கு இரண்டாக வெட்டிக் கொடுங்கள். நீங்கள் எடுத்த மனிதர்களுக்கு ஆளுக்கொரு பிரதி சேர்த்துப் போடச் சொல்லுங்கள். படம் கைக்கு வந்த வீட்டில் அடுத்த முறை கேட்காமலேயே நாற்காலி போடுவார்கள்.

கண்ணாடிச் சட்டம் போடுவதானால் படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். நம் ஈரக்காற்றில் கண்ணாடியை நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும் படம் நாளடைவில் அதோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் கிழிந்துவிடும்.